கஞ்சித்தொட்டியிலிருந்து முகத்துவாரம் வரை

ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குப் போக மூன்று வழிகள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி போகிற மின்சார ரயில். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஓடும் பேருந்தும் ஷேர் ஆட்டோவும். கடலை ஒட்டி, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எக்ஸ்பிரஸ் ரோடு. மூன்றிலும் காலை வேளையில் வடக்கிலிருந்து தெற்கே வருகிறவர்களில் சிலரைப் பார்த்ததும் எங்கே போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். கட்டைப்பையில் தண்ணீர் பாட்டில், சுருட்டிய எக்ஸ்ரே, முனை மடங்கிய மருத்துவ நோட்டு, மடியில் தூங்கி வழியும் பிள்ளை. ஸ்டான்லிக்குப் போகிறார்கள். அவர்களுக்கு எதிர்த்திசையில், ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கி அவர்கள் புறப்பட்டு வரும் ஊர்கள் வரை போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

வட சென்னையின் மூத்த தலைமுறைக்கு ஸ்டான்லி இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். 1782இல், ஹைதர் அலியுடனான போரும் பஞ்சமும் சேர்ந்து கிராமத்து ஜனங்களைச் சென்னைக்குத் துரத்தியபோது, ஊர் மணியக்காரர் ஒருவர் தன் தோட்டத்தில் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார். அது மணியக்காரர் சத்திரமானது. பசித்து வந்தவர்களோடு நோயும் வந்ததால் 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே சுதேசிகளுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார். 1938 ஜூலை 2ஆம் தேதி மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டு, சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் நிலைத்தது. இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. நோய்க்குக் காரணம் பட்டினி என்று தெரிந்திருந்தது. அதனால் கஞ்சியும் மருந்தும் ஒரே வளாகத்தில் கிடைத்தன.

இன்றைய ஸ்டான்லியில் காலை எட்டு மணிக்கு ஓ.பி. சீட்டு வாங்க நிற்கும் வரிசையைப் பார்த்தால், வட சென்னை எதைச் செய்து பிழைக்கிறது என்பது தெரிந்துவிடும். வெள்ளைக் கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி நிற்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். பிரஸ் மெஷினில் விரல் போனவர்கள், விசைப்படகின் வின்ச்சில் கை சிக்கியவர்கள், பட்டறையில் கிரைண்டர் சக்கரம் தெறித்தவர்கள். 1971இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி இங்கே கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித் துறையைத் தொடங்கினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மருத்துவர்கள் வந்து கற்றுக்கொண்டு போகும் இடமாக அது வளர்ந்தது. துண்டான விரலைப் பொருத்துவது, நசுங்கிய நரம்பைத் தைப்பது, கால் விரலை எடுத்துக் கையில் கட்டைவிரலாக வைப்பது ஆகியவற்றை ஏழைத் தொழிலாளிக்குக் காசில்லாமல் செய்துதரும் இடம் உலகத்தில் எத்தனை இருக்கும்? அரசு மருத்துவமனை என்றதும் முகம் சுளிப்பவர்கள் ஒருமுறை இந்தப் பக்கம் வந்து பார்க்க வேண்டும்.

பட்டறையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். துண்டான விரலை நேராக ஐஸில் போடக் கூடாது, திசு செத்துவிடும். ஈரமாக்கிப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பாலிதீன் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட இன்னொரு பைக்குள் வைத்து, ஆளையும் பையையும் உடனே கொண்டுவர வேண்டும். ஐஸ் டப்பாவில் விரலைப் போட்டு ஓடி வருகிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் வருகிறார்கள். இதைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பலகையை ஒவ்வொரு பட்டறை வாசலிலும் மாட்ட என்ன செலவாகிவிடும்?

ஸ்டான்லியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ராஜா சர் ராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை. ஆர்.எஸ்.ஆர்.எம். என்றால் ஆட்டோக்காரர் மறு கேள்வி கேட்க மாட்டார். அவரே அங்கே பிறந்தவராக இருக்கக்கூடும். பக்கத்தில், 1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட ராயபுரம் நிலையம். அதன் தூண்களைத் தாண்டிக் கடல் பக்கம் போனால் காசிமேடு.

காசிமேட்டில் ஏலம் விடியுமுன் தொடங்கிவிடும். கூடை வாங்கிக்கொண்டு போகும் பெண்கள் இரண்டு, மூன்று மணிக்கே எழுந்தவர்கள். மீனை விற்று முடித்துக் கால் நீட்டி உட்காரும்போது பொழுது நண்பகல். அரசு ஓ.பி. நடப்பது காலையில். சக்கரைக்கு மாத்திரை வாங்க வேண்டுமென்றால் ஒரு நாள் வியாபாரம் போக வேண்டும். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “மாத்திர தீந்து பத்து நாளு ஆச்சு தம்பி. போட்டு கரைக்கு வந்தா நானும் போவேன். வராதப்ப எங்க போறது?” என்றார். அவர் குரலில் குறையேதும் இல்லை. காற்றும் மழையும் எப்படியிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

இதை ஒரு தனி மனிதரின் சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 2020இல் நடந்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் இருப்பவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் நீரிழிவு இருப்பவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. மருந்துக்குப் பஞ்சமில்லாத மாநிலம் இது. மருந்து வாங்குவதற்கென்றே 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் அமைத்து, பிற மாநிலங்கள் பார்த்துப் படியெடுத்த மாநிலம். மாத்திரை கிடங்கில் இருந்தது, மனிதர்கள் கடலிலும் கடையிலும் இருந்தார்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த இடைவெளியைத்தான் நிரப்பப் பார்க்கிறது. பிரஷர் பார்க்கும் கருவியும் சக்கரை பார்க்கும் ஊசியும் எடுத்துக்கொண்டு சந்து சந்தாக ஏறி இறங்கும் பெண்களை இந்தப் பகுதியில் பார்க்கலாம். 2023 ஜூனில் ஒரே நாளில் 500 இடங்களில் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை நான்கிலிருந்து எட்டு வரையும் இயங்க வேண்டும் என்று வைத்ததும் நல்ல யோசனை. உழைக்கும் ஜனத்துக்கு உடம்பைப் பற்றி யோசிக்க நேரம் கிடைப்பதே விளக்கு வைத்த பிறகுதான்.

அரசுக்கு வெகு முன்பே இதைப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் 1970களின் தொடக்கத்தில் இரண்டு ரூபாய்க்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்து, கடைசிவரை ஐந்து ரூபாயைத் தாண்டாமல் 2018 டிசம்பரில் மறைந்த டாக்டர் ஜெயச்சந்திரன் ஒருவர். ஸ்டான்லியில் படித்து, வியாசர்பாடியில் அதே இரண்டு, ஐந்து ரூபாய்க்குப் பார்த்து, 2020 ஆகஸ்டில் மறைந்த டாக்டர் திருவேங்கடம் வீரராகவன் இன்னொருவர். இருவரையும் ‘அஞ்சு ரூபா டாக்டர்’ என்றே ஜனங்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். வண்ணாரப்பேட்டைத் தெருவொன்றில் பூக்கட்டும் அக்காவிடம் ஜெயச்சந்திரனைப் பற்றிக் கேட்டபோது, அவர் காசைப் பற்றிப் பேசவில்லை. “எங்க மாமியார்ல இருந்து எம் பொண்ணு வரைக்கும் யாருக்கு இன்னான்னு அவருக்குத் தெரியும்ணே” என்றார். மூன்று தலைமுறை உடம்பின் கதை ஒரே மனிதரின் ஞாபகத்தில் இருந்திருக்கிறது. அவரோடு அது போய்விட்டது.

தண்டையார்பேட்டை வந்ததும் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்தேன். மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை இங்கே இருக்கிறது. காலரா, அம்மை, பேதி என்று ஊரே அஞ்சிய நோய்கள் எல்லாம் இதன் வார்டுகளைப் பார்த்தவை. 2020இல் கொரோனா வந்தபோது மே, ஜூன் மாதங்களில் ராயபுரம் மண்டலம்தான் சென்னையில் தொற்றுப் பட்டியலின் உச்சியில் இருந்தது. ஒரே கழிப்பறையைப் பத்துக் குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் சந்தில் ‘தனித்திரு’ என்ற அறிவுரையை யாரால் கடைப்பிடிக்க முடியும்?

காசநோயைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. நெரிசலும் தூசியும் அரைவயிறும் கூடிய இடம் அதற்கு வாகான இடம். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு. சென்னை நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை சானடோரியத்திலும் இன்னொரு பிரிவைக் குடிசையிலேயே வைத்தும் ஒரே மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு தேறினார்கள். 1959இல் அது வெளியானபின் உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடிய ஆரம்பித்தது. நோயாளிகளோடு விடவில்லை, அதே கூரையின் கீழ் படுத்த வீட்டாரையும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். சென்னையின் ஏழைகளை ஒருவர் விடாமல், வருஷக்கணக்கில், வீடு தேடிப் போய்ப் பதிவு செய்ததால் மருத்துவம் மாறியது. மேலே வடக்கே போகப் போக இந்த ஐந்து வருஷக் கணக்கு என் மனசை விட்டு அகலவில்லை.

திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிக்குப் பக்கத்திலேயே கடல். அலை கரையைத் தின்னாமலிருக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். தியாகராஜர் கோயில் தேரோடும் வீதிகளுக்கும் தொழிற்சாலைச் சங்குக்கும் இடையே வளர்ந்த ஊர் இது. விம்கோ தீப்பெட்டி, எம்.ஆர்.எஃப். டயர், என்ஃபீல்டு புல்லட், கொஞ்சம் தள்ளி எண்ணூரில் அசோக் லேலண்ட் என்று இந்தியா முழுக்கப் போன சாமான்கள் இங்கே செய்யப்பட்டன. 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. மேற்கே மணலி. அதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இலேயே கடும் மாசுப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது.

2024 அக்டோபர் 25ஆம் தேதி இங்குள்ள ஒரு தனியார் பள்ளியில் திடீரென்று ஏதோ நெடி பரவி, முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மூச்சுத் திணறியும் மயங்கியும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பத்து நாள் கழித்துப் பள்ளியைத் திறந்தபோது மறுபடியும் சில பிள்ளைகளுக்கு அதே தொல்லை. எங்கிருந்து வந்த வாயு என்று உடனே சொல்ல யாராலும் முடியவில்லை. திருவொற்றியூர்க்காரர்களுக்கு இது புதிய அனுபவமல்ல. தெருமுனை டீக்கடையில் நின்றவர்களிடம் பேச்சை எடுத்தபோது ஆளுக்கொரு விவரம் சொன்னார்கள். கேஸ் சிலிண்டர் கசிந்தது போல ஒரு வாசனை, அழுகிய முட்டை வாசனை ஒன்று, தார் காய்ச்சும் வாசனை ஒன்று. “நைட்டுல தான் ஜாஸ்தி. கண்ணு எரியும், தொண்ட கரகரன்னு இருக்கும். காலைல ஆபீசருங்க வரும்போது ஒண்ணும் இருக்காது” என்றார் ஒருவர். ராத்திரியில் காற்று தரையோடு அடங்கிக் கிடக்கும்போது வாயு மேலெழும்பாமல் தங்குவது இயற்கை. அதிகாரிகள் பகலில் வருவதும் இயல்பு. நடுவில் அகப்படுவது தூங்கும் பிள்ளைகளின் நெஞ்சு.

இந்த ஊர்களில் எந்த வீட்டில் பேசினாலும் ‘வீசிங்’ என்ற சொல் வந்துவிடுகிறது. பள்ளிப் பையில் டிபன் பாக்ஸோடு இன்ஹேலர் இருக்கிறது. சில வீடுகளில் நெபுலைசர் மிக்சிக்குப் பக்கத்து அலமாரியில். கைக்குழந்தையை வைத்திருந்த தாயொருத்தி, டாக்டர் புகை, தூசி இல்லாத இடத்தில் பிள்ளையை வைக்கச் சொன்னார் என்றாள். ஜன்னலுக்கு வெளியே கன்டெய்னர் லாரி வரிசை அசையாமல் என்ஜினை ஓடவிட்டு நின்றது.

எர்ணாவூர் தாண்டிக் கத்திவாக்கம், பிறகு எண்ணூர். கடலும் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கூடுமிடம். உப்பங்கழியும் அலையாத்தியும் இறாலும் நண்டுமாக, ஒரு காலத்தில் சென்னைக்காரர்கள் காற்று வாங்க வந்த ஊர். 1970இல் அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது, 2017இல் மூடப்பட்டது. அதற்குள் ஆற்றின் மறுகரையில் அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையம், வல்லூரில் இன்னொன்று, 2001இல் துறைமுகம். சாம்பலைக் குழம்பாக்கிக் கொண்டுபோகும் குழாய்கள் உடைந்து ஆற்றில் கொட்டியதைப் பற்றி மீனவர்கள் பல வருஷமாகப் புகார் சொல்லிவருகிறார்கள். ஆற்றங்கரையில் காலை வைத்தால் சேறு என்று நினைத்த இடத்தில் மாவு போல வழுக்குவது சாம்பல்.

2023 டிசம்பரை எண்ணூர் மறக்காது. 4ஆம் தேதி மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்கி, கால்வாய் வழியாகக் கழிமுகம் முழுவதும் பரவியது. சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. படகும் வலையும் அலையாத்தி வேர்களும் கறுத்தன. அள்ளியவர்கள் மீனவர்களே, பலர் முதல் நாட்களில் வெறும் கையால், வாளியாலும் மக்காலும் அள்ளினார்கள். 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு எண்ணெய் கொட்டியபோதும் வாளிதான் கருவியாக இருந்தது. கழியில் இறங்கி இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் மணிக்கணக்கில் நிற்பவர்கள். அவர்களில் ஒருவர் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். சொறிந்து சொறிந்து தோல் தடித்திருந்தது. ஆயின்மென்ட் போடுகிறாராம். “தண்ணில எறங்காம இருந்தா ஆறிடும்னு சொல்றாங்க. எறங்காம எப்புடி?”

அந்த எண்ணெய் காய்வதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் நெடியில் விழித்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஆலையருகே காற்றில் ஒரு கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம் இருக்கலாம் என்ற இடத்தில் 2,090 இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது, 5.92 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. ஊரார் நூறு நாளைக்கும் மேல் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள்.

அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். அதனாலேயே கண்ணையும் மூக்கையும் தொண்டையையும் முதலில் சுடுகிறது. அங்கேதான் ஈரம் இருக்கிறது. அதனாலேயே ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே ஓடினால் தப்பலாம். இந்த இரண்டு வரியை அந்தக் குப்பங்களில் யாரும் முன்னதாகச் சொல்லிவைக்கவில்லை என்று கடற்கரையில் படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் சொன்னார்கள். இப்போது எல்லாருக்கும் தெரியும் என்றார்கள். அந்த ராத்திரி ஆட்டோவிலும் பைக்கிலும் எக்ஸ்பிரஸ் ரோட்டைப் பிடித்துத் தெற்கே போனார்கள். ஸ்டான்லி அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆபத்து வடக்கு முனையிலும் பெரிய ஆஸ்பத்திரி தெற்கு முனையிலும், நடுவே லாரி நெரிசலுமாக இந்தக் கரை அமைந்திருக்கிறது. எண்ணூரில் ராத்திரியும் டாக்டரும் ஆக்சிஜனும் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனை வேண்டும் என்பது நான் பேசிய அத்தனை பேரும் கேட்டது. இதில் அவர்களோடு எனக்குக் கொஞ்சமும் மாற்றுக் கருத்து இல்லை.

அதோடு இன்னொன்றும் வேண்டும். மணலியிலும் ராயபுரத்திலும் கொடுங்கையூரிலும் காற்றை நாள் முழுக்க அளக்கும் கருவிகள் இருக்கின்றன. நுண்தூசி ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது இந்திய அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. இந்தக் காற்றின் கணக்கு ஒரு துறையில் இருக்கிறது. யாருக்கு வீசிங், யாருக்குத் தோல் தடிப்பு, யாருக்கு நெஞ்சில் சளி என்ற உடம்பின் கணக்கு வேறொரு துறையில், லட்சக்கணக்கான நோட்டுகளில் சிதறிக் கிடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மேஜை இல்லை. நான் இந்தப் பயணத்தில் பார்த்த ஓ.பி. சீட்டுகளில் பெயர் இருந்தது, வயது இருந்தது, மருந்து இருந்தது. என்ன வேலை செய்கிறார், எந்த ஆலையின் காற்றுத் திசையில் குடியிருக்கிறார் என்று ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை. வீடு வீடாகப் போகும் மக்களைத் தேடி மருத்துவப் பெண்கள் சக்கரையையும் பிரஷரையும் குறிக்கும் அதே நோட்டில் இன்னும் இரண்டு கேள்வி சேர்த்தால் போதும்.

சேத்துப்பட்டில் 1956இல் செய்ய முடிந்ததை எண்ணூரில் இன்று செய்ய முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. அந்த டிசம்பர் ராத்திரியில் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய குழந்தைகளை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்க்கலாம். மூச்சின் பலத்தை ஊதிக் காட்டும் பீக் ஃபுளோ மீட்டர் சில நூறு ரூபாய். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை ஊதக் கற்றுக்கொள்ளும். பட்டியலை எங்கே தேடுவது என்ற கேள்விக்கு இடமில்லை. பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் அந்த வருஷத்து அங்கன்வாடிப் பதிவேட்டைத் திறந்தால் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் எடையும் அதில் இருக்கும்.